விஎம்சி கத்துக்கப் போறீங்களா? ஜி கோடுக்கு முன்னாடி ஜீரோவைப் பிடிங்க

கோயம்புத்தூர் பக்கம் பம்பு, வால்வு பண்ற இடம், ஓசூர், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர்ல வண்டி பார்ட்ஸ் பண்ற இடம்னு எங்க போனாலும் கம்பெனி கேட்டுல "விஎம்சி ஆப்பரேட்டர் தேவை"ன்னு போர்டு தொங்கறதைப் பாக்கலாம். விஎம்சின்னா வெர்டிகல் மெஷினிங் சென்டர், கம்ப்யூட்டர் ஓட்டற மில்லிங் மிஷின். அந்த போர்டைப் பாத்துட்டு ஐடிஐ முடிச்ச பசங்க, டிப்ளமோ பசங்க, வேற வேலைல இருந்து இதுக்கு மாறலாமான்னு யோசிக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், "எத்தனை ஜி கோடு மனப்பாடம் பண்ணணும்?"

ஜி கோடுன்னா பெரும்பாலும் டூல் எப்படி நகரணும்னு சொல்ற கட்டளை, எம் கோடுன்னா ஸ்பிண்டில், கூலன்ட் மாதிரி மத்ததை ஆன் ஆஃப் பண்ற கட்டளை. தினசரி வேலைக்கு ஜி கோடு ஒரு இருபது, எம் கோடு ஒரு பத்து, அவ்ளோதான். ரெண்டு வாரத்துல வாய்ல வந்துரும். ஆனா கோடு எல்லாம் தெரிஞ்சும் மிஷினை இடிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க, ஏன்னா அவங்களுக்கு கோடு தெரிஞ்ச அளவுக்கு ஜீரோ தெரியல. இந்த மிஷினுக்கு கண்ணு கிடையாது, நீங்க வைஸ்ல (பிடிச்சு இறுக்கற தாடை) கட்டி வச்ச ஜாப் (வெட்ட வேண்டிய பீஸ்) எங்க இருக்கு, அது எவ்ளோ உயரம், ஸ்பிண்டில்ல (சுத்தற தண்டு) மாட்டின டூல் எவ்ளோ நீளம் எதுவுமே அதுக்குத் தெரியாது, நாம நம்பரா குடுத்தாத்தான் தெரியும். அந்த நம்பரை எப்படி எடுக்கறது, எங்க போடறது, போட்டது சரிதானான்னு எப்படி பாக்கறது, இது மூணும் புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும். அதனால இங்க கோடு லிஸ்ட் போடாம இதைத்தான் விளக்கமா எழுதறேன்.

முதல்ல அடிப்படை. லேத்துல ஜாப் சுத்தும், டூல் நிக்கும். மில்லிங்ல டூல் சுத்தும், ஜாப் டேபிள் மேல கட்டி இருக்கும். பழைய மில்லிங் மிஷின்ல டேபிளை நகர்த்த கைப்பிடியைச் சுத்தணும், எவ்ளோ சுத்தறோம்னு டயல்ல பாத்துக்கணும். விஎம்சில அந்தக் கைப்பிடி இருந்த இடத்துல சர்வோ மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் இருக்கு, எவ்ளோ சுத்தணும்னு கன்ட்ரோலர் சொல்லுது, சுத்துச்சான்னு என்கோடர் திருப்பிச் சொல்லுது. வி-ன்னா வெர்டிகல், ஸ்பிண்டில் மேல இருந்து கீழ பாத்து நிக்கும். கூடவே ஏடிசின்னு டூலைத் தானா மாத்தற அமைப்பு இருக்கும், அதுல 20, 24 டூல் வரைக்கும் முன்னாடியே மாட்டி வச்சுக்கலாம். நம்ம ஷாப்புல சும்மா "சிஎன்சி"ன்னு சொன்னா பெரும்பாலும் டர்னிங் மிஷினைத்தான் சொல்லுவாங்க, மில்லிங்னா "விஎம்சி", இன்டர்வியூக்குப் போகும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இது எங்க ஆரம்பிச்சதுன்னு பாத்தா அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல ஜான் பார்சன்ஸ்னு ஒருத்தர், ஹெலிகாப்டர் ரோட்டர் பிளேடு செய்யற வேலைல இருந்தவர். அந்த பிளேடோட வளைவை வெட்ட கணக்கு போட்டு வரிசையா பாயின்ட் எடுத்து, ஒவ்வொரு பாயின்டுக்கும் மிஷினைக் கொண்டு போய் வெட்டலாம்னு அவர் யோசிச்சாரு. அதை எடுத்துக்கிட்டு எம்ஐடில சர்வோமெக்கானிசம்ஸ் லேப்காரங்க ஒரு சின்சினாட்டி மில்லிங் மிஷினை மாத்தி, ஓட்டை போட்ட டேப்பைப் படிச்சு ஓடற மாதிரி பண்ணி 1952ல காட்டினாங்க. இன்னைக்கு டேப் போயி பென்டிரைவ், நெட்வொர்க் கேபிள்னு வந்தாச்சு, ஆனா உள்ள நடக்கறது அதேதான், ஒரு பாயின்ட் சொல்றோம், அங்க போகுது, அடுத்தது சொல்றோம், அங்க போகுது.

சரி, பாயின்டுன்னா மூணு ஆக்சிஸ். மிஷின் முன்னாடி நீங்க நிக்கும்போது இடது வலது எக்ஸ், முன்ன பின்ன ஒய், மேல கீழ இசட். வலது பக்கம் எக்ஸ் பிளஸ், உங்களை விட்டு விலகிப் போற பக்கம் ஒய் பிளஸ், மேல இசட் பிளஸ். இங்க புதுசா வர்றவங்க எல்லாருக்கும் ஒரு குழப்பம் வரும், எக்ஸ் பிளஸ் பட்டனை அழுத்தினா டேபிள் இடது பக்கம் போகுதே, மிஷின் தப்பா ஓடுதான்னு. தப்பு இல்ல. டேபிள் நகர்ற மாதிரி இருக்கற விஎம்சில டேபிள் இடது பக்கம் போனா ஜாப் மேல பாத்தா டூல் வலது பக்கம் போன மாதிரி, இல்லையா? எப்பவுமே டூல்தான் நகருது, ஜாப் அசையாம நிக்குதுன்னு மனசுல வச்சுக்கோங்க, புரோகிராம் எழுதும்போதும் சரி, ஹேண்ட்வீல் (ஆக்சிஸைக் கையால நகர்த்தற சக்கரம்) சுத்தும்போதும் சரி. ஹேண்ட்வீல்ல ஆக்சிஸ் மாத்தினதும் முதல்ல சின்ன ஸ்டெப்ல ஒரு ரெண்டு கிளிக் சுத்தி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் வேகமா சுத்தற பழக்கம் முதல் நாள்ல இருந்தே வரட்டும்.

இப்ப ஜீரோவுக்கு வருவோம். ஒருத்தர் உங்ககிட்ட "கோயில்ல இருந்து நாலாவது வீடு"ன்னு அட்ரஸ் சொன்னா, எந்தக் கோயில்னு தெரியாம நீங்க எங்க போவீங்க? புரோகிராம்ல எக்ஸ்50ன்னு எழுதினா மிஷினுக்கும் அதே கேள்விதான், எங்க இருந்து 50? மிஷினுக்குன்னு பிறவியிலேயே ஒரு ஜீரோ இருக்கு, அதுக்குப் பேரு மிஷின் ஜீரோ, ஹோம்னும் சொல்லுவாங்க. அது மிஷின் செஞ்ச இடத்துல ஃபிக்ஸ் பண்ணது, நாம தொடக்கூடாது, தொடவும் தேவையில்ல. பெரும்பாலான விஎம்சில அது ஆக்சிஸ் ஓரத்துல, இசட் முழுசா மேல ஏறி நிக்கற இடத்துல இருக்கும், அதனாலதான் மிஷின் பொசிஷன் ஸ்க்ரீன்ல நம்பர் எல்லாம் மைனஸ்லயே ஓடும். பழைய மிஷின்ல காலைல ஆன் பண்ணதும் ஹோம் எடுக்கணும், இப்ப வர்ற மிஷின்ல என்கோடரே ஞாபகம் வச்சுக்கும்.

ஆனா டிராயிங்ல எந்த டைமன்ஷனும் மிஷின் ஜீரோல இருந்து போட்டிருக்காது, ஜாப்போட ஒரு மூலைல இருந்தோ நடுவுல இருந்தோதான் போட்டிருக்கும். அந்த இடம்தான் வொர்க் ஜீரோ. மிஷின் ஜீரோல இருந்து வொர்க் ஜீரோ எவ்ளோ தூரத்துல இருக்குன்னு எடுத்து ஆப்செட் பேஜ்ல ஜி54ல போட்டுட்டா, அதுக்கப்புறம் புரோகிராம்ல நீங்க டிராயிங் டைமன்ஷனை அப்படியே எழுதலாம். ரெண்டு வைஸ் கட்டியிருந்தா ரெண்டாவதுக்கு ஜி55, இப்படி ஜி59 வரைக்கும் ஆறு இருக்கு.

கையால எடுக்கற விதத்தை ஒரு உதாரணத்தோட சொல்றேன், இதே உதாரணம் கடைசி வரைக்கும் வரும். 100 நீளம், 60 அகலம், 20 தடிமன்ல ஒரு மைல்டு ஸ்டீல் பிளேட், ஆறு பக்கமும் சைஸ் பண்ணி வந்திருக்கு. நடுவுல நீளவாக்குல 10 மில்லிமீட்டர் அகலத்துல 2 ஆழத்துக்கு ஒரு ஸ்லாட், நாலு மூலைலயும் ஓரத்துல இருந்து 15க்கு 15 தள்ளி 8.5 ஹோல், த்ரூ. வொர்க் ஜீரோ இடது பக்கம் முன் மூலை, மேல் பரப்பு.

முதல்ல வைஸோட ஃபிக்ஸ்டு தாடையை டயல் வச்சு ஓட்டிப் பாத்து எக்ஸ் ஆக்சிஸுக்கு நேரா இருக்கான்னு உறுதி பண்ணணும், இது கோணலா இருந்தா மேல என்ன பண்ணாலும் ஜாப் கோணல்தான். அப்புறம் அடில ரெண்டு பேரலல் (ஒரே உயரமுள்ள ஸ்டீல் பட்டை) வச்சு ஜாப்பை டைட் பண்ணி, நைலான் சுத்தியால மேல தட்டி, பேரலலைக் கையால நகர்த்திப் பாக்கணும், நகர்ந்தா ஜாப் சரியா உக்காரல. அதோட பேரலல் தடிமனையும் பாத்துக்கோங்க. நம்ம ஹோல் சென்டர் ஓரத்துல இருந்து 15, ஹோலோட பாதி 4.25, அப்ப ஹோல் ஆரம்பிக்கறது 10.75ல, பேரலல் 10 தடிமனுக்கு மேல இருந்தா டிரில் அடில இறங்கும்போது பேரலலையும் சேத்து ஓட்டை போட்டுரும்.

இப்ப எட்ஜ் ஃபைண்டர், ஜாப்போட ஓரம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கற கருவி. முனை 10 மில்லிமீட்டர் டயா இருக்கறதை மாட்டி ஒரு 500 ஆர்பிஎம்ல சுத்த விட்டு இடது பக்கத்துல இருந்து மெதுவா ஜாப்பை நோக்கி ஹேண்ட்வீல்ல கொண்டு வரணும், ஆடிக்கிட்டே வர்ற முனை ஒரு இடத்துல நேராகி அடுத்த கிளிக்ல டக்குனு பக்கவாட்டுல விலகும், அதுதான் டச். அந்த நேரத்துல மிஷின் பொசிஷன் எக்ஸ் -412.350ன்னு காட்டுதுன்னு வைங்க. ஆனா அது ஸ்பிண்டில் சென்டர் இருக்கற இடம், ஜாப் ஓரம் இன்னும் 5 மில்லிமீட்டர் வலது பக்கம் இருக்கு, அதனால ஜீரோ -407.350. ஃபானுக்ங்கற கம்பெனியோட கன்ட்ரோல்ல இந்தக் கழித்தலை நாம பண்ண வேண்டாம், ஜி54ல கர்சரை வச்சு எக்ஸ்-5.ன்னு டைப் பண்ணி மெஷர் கீயை அழுத்தினா போதும், "இப்ப நான் நிக்கற இடம் ஜீரோல இருந்து மைனஸ் 5"ன்னு அதுக்குச் சொல்றோம், மிச்சத்தை அது பாத்துக்கும். ஒய்க்கு முன் பக்கத்துல இருந்து டச் பண்ணி அதே மாதிரி. இந்த மைனஸ் பிளஸ்ல தடுமாறினா ஜாப் முழுக்க 10 மில்லிமீட்டர் தள்ளிப் போயிரும், அதனால வலது பக்கத்துல டச் பண்ணா என்ன போடணும், பின் பக்கத்துல டச் பண்ணா என்ன போடணும்னு பேப்பர்ல படம் போட்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க, யாரையும் கேக்காம.

அடுத்து இசட், இதுலதான் பெரிய அடி எல்லாம் விழுது, கொஞ்சம் நிதானமா படிங்க. எக்ஸ் ஒய் எல்லா டூலுக்கும் ஒண்ணுதான், ஏன்னா எல்லா டூலும் ஸ்பிண்டில் சென்டர்லயே உக்காருது. ஆனா நீளம் ஒவ்வொரு டூலுக்கும் வேற. எண்ட் மில் (ஸ்லாட் வெட்டற டூல்) குட்டையா இருக்கும், டிரில் நீளமா இருக்கும், அதே எண்ட் மில்லையே கழட்டி மாட்டினாக்கூட கோலெட்ல (டூலைப் பிடிக்கற வளையம்) இருந்து வெளிய நிக்கற அளவு மாறிரும். அதனால ஒவ்வொரு டூலுக்கும் தனியா ஒரு நீளக் கணக்கு வேணும், அதை எச் நம்பர்ல போட்டு வைப்போம், புரோகிராம்ல ஜி43 எச்01ன்னு கூப்பிடுவோம்.

எடுக்கற விதம் ரெண்டு மூணு இருக்கு, புதுசா கத்துக்கறவங்களுக்கு சுலபமானதைச் சொல்றேன். ஜாப் மேல 50 மில்லிமீட்டர் உயரமுள்ள இசட் செட்டரை (டயல் இருக்கற கட்டை) வச்சு, டூலை மேல இருந்து இறக்கி முள்ளு ஜீரோ காட்டற வரைக்கும் வரணும். அப்ப மிஷின் இசட் -335.420ன்னா, அதுல இருந்து இன்னும் 50 கழிச்சா ஜாப் மேல் பரப்பு, -385.420. இதை எச்01ல போட்டுட்டு, ஜி54 இசட்ல 0 வச்சுக்கணும். அடுத்த டூல் டிரில், அது 40 மில்லிமீட்டர் நீளம் ஜாஸ்தின்னு வைங்க, அது சீக்கிரமே தொட்டுரும் இல்லையா, அதனால எச்02ல -345.420 வரும்.

இப்ப பாருங்க ஒரு சின்ன தப்பு என்ன பண்ணும்னு. டூல் 2 போட்டுட்டு புரோகிராம்ல எச்02க்கு பதிலா எச்01ன்னு எழுதிட்டீங்க. மிஷின் டிரில்லை எண்ட் மில்னு நினைச்சு 40 மில்லிமீட்டர் கூடுதலா இறக்கும். இசட்50ன்னு சொன்னா முனை ஜாப்புக்கு மேல 10ல நிக்கும், தப்பிச்சோம்னு தோணும், அடுத்த வரில ஜி00 இசட்5ன்னா முனை ஜாப்புக்கு உள்ள 35 மில்லிமீட்டர் போகப் பாக்கும், நம்ம பிளேட் தடிமனே 20தான். அதுவும் ராப்பிட்ல, அதாவது வெட்டாம வேகமா நகர்றப்ப, நிமிஷத்துக்கு 30 மீட்டர்னா ஒரு செகண்டுக்கு அரை மீட்டர், கை எமர்ஜென்சி பட்டனுக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். டிரில் போறது சின்ன விஷயம், ஸ்பிண்டில் பேரிங் அடி வாங்கினா மிஷின் நாள்கணக்குல நிக்கும். ஆட்டோமேட்டிக் மிஷின்தானே, தப்புன்னா அதுவே நிறுத்திக்கும்னு நினைக்காதீங்க, மோட்டார் லோடு எகிறி அலாரம் வர்றது மோதினதுக்கு அப்புறம்தான்.

இதுக்கு ஒரு நல்ல செக் இருக்கு, எத்தனை அனுபவம் வந்தாலும் விடாதீங்க. ஆப்செட் எடுத்து முடிச்சதும் ஜாப் மேல எதுவும் இல்லாம எடுத்துட்டு, எம்டிஐ மோட்ல (ஒண்ணு ரெண்டு வரி டைப் பண்ணி உடனே ஓட்டற மோட்) ஜி90 ஜி54 ஜி00 எக்ஸ்0 ஒய்0 குடுத்து, ராப்பிடை ரொம்பக் குறைச்சு வச்சு ஓட்டுங்க, டூல் சென்டர் அந்த மூலைக்கு நேர் மேல நிக்கணும். அப்புறம் ஜி43 எச்01 இசட்100. குடுங்க, முனைக்கும் ஜாப்புக்கும் நடுவுல ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாத்தா 100 இருக்கணும். ஒவ்வொரு டூலுக்கும் இதைப் பண்ண ஒரு நிமிஷம்கூட ஆகாது. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் இதைப் பண்ணிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தணும், இதுல நான் கொஞ்சமும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

ஜீரோ ஆச்சு, இனி புரோகிராம். நம்ம பிளேட்டுக்கு முதல் டூலை மட்டும் எழுதறேன்.

ஜி21 ஜி17 ஜி40 ஜி49 ஜி80 ஜி90
டி01 எம்06
ஜி54 ஜி00 எக்ஸ்-10. ஒய்30.
ஜி43 எச்01 இசட்50. எஸ்3180 எம்03
எம்08
ஜி00 இசட்5.
ஜி01 இசட்-2. எஃப்300.
எக்ஸ்110. எஃப்500.
ஜி00 இசட்50. எம்09
எம்05
ஜி91 ஜி28 இசட்0.

முதல் வரி பழசைத் துடைக்கற வரி, மில்லிமீட்டர்ல பேசறோம், எக்ஸ் ஒய் தளத்துல வேலை, முன்னாடி ஓடின புரோகிராம்ல ஏதாவது ஆப்செட்டோ டிரில் சைக்கிளோ மிச்சம் இருந்தா கேன்சல், அளவெல்லாம் ஜீரோல இருந்து. ரெண்டாவது வரி டூல் மாத்தறது. மூணாவதுல எக்ஸ் -10க்கு ஏன் போறோம்னா எண்ட் மில் 10 டயா, பாதி 5, ஜாப்புக்கு வெளிய 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு காத்துல இறக்கறோம், நேரா மெட்டல் மேல இறக்கினா எல்லா எண்ட் மில்லும் தாங்காது. எம்03 ஸ்பிண்டிலைச் சுத்த விடும், எம்05 நிறுத்தும், எம்08 கூலன்ட் ஆன், எம்09 ஆஃப். ஜி00 வேகமா போறது, வெட்டறதுக்கு இல்ல. ஜி01 எஃப்ல சொன்ன வேகத்துல நேர்கோட்டுல போறது, இதுதான் வெட்டு. எக்ஸ்110. வரில ஜி01 எழுதலையேன்னு கேக்கலாம், எழுத வேண்டாம், ஜி01ன்னு ஒரு தடவை சொன்னா வேற சொல்ற வரைக்கும் அது அப்படியே நிக்கும். இந்தக் குணம் நிறைய கோடுக்கு உண்டு, வசதியும் அதுதான் ஆபத்தும் அதுதான். கடைசி வரில ஜி28 இசட்டை ஹோமுக்கு ஏத்தறது, அதோட ஜி91 வந்திருக்கு பாருங்க, அதாவது இருக்கற இடத்துல இருந்து அளவு, அதையும் மிஷின் அப்படியே பிடிச்சு வச்சுக்கும், அடுத்த டூலோட முதல் வரில ஜி90 போட மறந்தா எக்ஸ்15.ங்கறதை ஜீரோல இருந்து 15ன்னு எடுக்காம இப்ப நிக்கற இடத்துல இருந்து இன்னொரு 15ன்னு எடுத்துக்கும்.

டிரில்லுக்கு ஜி90 ஜி54 போட்டு எக்ஸ்15. ஒய்15. போயி, மறக்காம ஜி43 எச்02 இசட்50., அப்புறம் எஸ்930 எம்03, எம்08, அடுத்து ஜி83 எக்ஸ்15. ஒய்15. இசட்-24. ஆர்3. க்யூ3. எஃப்110.ன்னு ஒரு வரி. இது கொத்திக் கொத்தி போடற சைக்கிள், 3 மில்லிமீட்டர் இறங்கி, மேல வந்து சிப்ஸை வெளிய தள்ளி, திரும்ப இறங்கும். அடுத்த மூணு ஹோலுக்கு எக்ஸ்85., ஒய்45., எக்ஸ்15.ன்னு மாறினதை மட்டும் எழுதினா போதும். முடிஞ்சதும் ஜி80, இல்லன்னா அடுத்து எங்க நகர்ந்தாலும் அங்க ஒரு ஹோல் போடும். பிளேட் 20தானே, ஏன் 24ன்னா, டிரில் முனை கூம்பா இருக்கு, 118 டிகிரி முனைக்கு டயால சுமார் 0.3 மடங்கு, 8.5க்கு 2.5 சொச்சம், அந்தக் கூம்பு முழுசா வெளிய வந்தாத்தான் ஹோல் அடி வரைக்கும் ஒரே சைஸா இருக்கும்.

புள்ளியைப் பத்தி தனியா சொல்லணும். எக்ஸ்110.ன்னு கடைசில ஒரு புள்ளி போட்டிருக்கேன் பாத்தீங்களா, அது அலங்காரம் இல்ல. ஃபானுக்ல பல மிஷின்ல செட்டிங் எப்படி இருக்கும்னா புள்ளி இல்லாம எக்ஸ்110ன்னு எழுதினா 110 மைக்ரான்னு எடுத்துக்கும், அதாவது 0.110 மில்லிமீட்டர். கால்குலேட்டர் மாதிரி எடுத்துக்கற செட்டிங்கும் உண்டு, ஒரே ஷாப்புல ரெண்டு மிஷின் ரெண்டு விதமா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால எல்லா அளவுக்கும் புள்ளி வைக்கறதுதான் நல்லது, ஆப்செட் பேஜ்லயும்தான்.

எஸ்3180, எஃப்500 எங்க இருந்து வந்துச்சு? ஒவ்வொரு டூலும் இந்த மெட்டீரியல்ல நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் வெட்டலாம்னு டூல் கம்பெனி கேட்லாக்ல குடுத்திருப்பாங்க, கார்பைடு எண்ட் மில்லுக்கு மைல்டு ஸ்டீல்ல 100ன்னு நிதானமா எடுத்துக்கிட்டேன். ஆயிரத்தை அதால பெருக்கி, 3.14ஐயும் டயாவையும் பெருக்கி வந்ததால வகுத்தா ஆர்பிஎம், 1,00,000ஐ 31.4ஆல வகுத்தா 3180 பக்கம். ஃபீடுக்கு ஒரு பல்லு ஒரு சுத்துக்கு எவ்ளோ கடிக்கணும்னு பாக்கணும், முழு அகல ஸ்லாட்டுங்கறதால 0.04 எடுத்தேன், நாலு பல்லு, 3180 × 4 × 0.04, 509 வருது, 500 போட்டேன். எச்எஸ்எஸ் டிரில்லுக்கு 25 மீட்டர், அதனாலதான் 930 பக்கம் வந்துச்சு. ஃபீடைக் குறைச்சா டூல் பத்திரமா இருக்கும்னு பல பேர் நம்பறாங்க, அது முழுசா சரியில்ல, ரொம்பக் குறைச்சா பல்லு வெட்டாம தேய்க்க ஆரம்பிக்கும், சூடாகி முனை சீக்கிரம் மழுங்கும். சத்தத்தைக் கேளுங்க, சிப்ஸைப் பாருங்க, கீச்சுனு கத்தினா ஏதோ சரியில்ல.

முதல் பீஸ் ஓட்டறதுக்கு முன்னாடி கிராஃபிக்ஸ்ல பாதை பாத்துக்கலாம், ஆனா அது புரோகிராமை மட்டும்தான் காட்டும், உங்க ஆப்செட் தப்பா இருந்தா அதுக்குத் தெரியாது. அதனால காத்துல ஒரு தடவை ஓட்டுங்க. வொர்க் ஆப்செட் பேஜ்ல ஜி54க்கு மேல இஎக்ஸ்டின்னு ஒண்ணு இருக்கும், அதுல இசட்ல 100. போட்டா மொத்த புரோகிராமும் 100 மேல ஓடும், முடிஞ்சதும் மறக்காம ஜீரோ பண்ணணும். அப்புறம் நிஜமா ஓட்டும்போது சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியா நின்னு ஓடறது) ஆன், ராப்பிட் குறைவு, ஒரு கை ஃபீட் ஹோல்டு (நகர்றதை நிறுத்தற பட்டன்) மேல, கண்ணு ஸ்க்ரீன்ல டிஸ்டன்ஸ் டு கோ மேல. டூல் கீழ இறங்கி வரும்போது பாதி வழில ஃபீட் ஹோல்டு அழுத்தி நிறுத்துங்க. ஸ்க்ரீன்ல இன்னும் 40 போகணும்னு காட்டுது, ஆனா ஜாப்புக்கு மேல கண்ணுக்குத் தெரியற இடைவெளி 10தான் இருக்குன்னா அங்கயே ரீசெட். எச் நம்பர் தப்பு, ஆப்செட் தப்பு, புள்ளி விட்டது எதுவா இருந்தாலும் இந்த ஒரு நிறுத்தத்துல மாட்டிக்கும்.

பாதுகாப்பைப் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா விரல் திரும்ப முளைக்காது. சுத்தற ஸ்பிண்டில் பக்கத்துல கையுறை போடக் கூடாது, துணி டூல்ல சிக்கினா கையையும் சேத்து இழுத்துரும். சிப்ஸைக் கையால எடுக்காதீங்க, பிரஷ், கொக்கி எடுத்துக்கோங்க. ஏர் கன் அடிக்கும்போது கண்ணாடி கட்டாயம். கதவு சுவிட்சை பைபாஸ் பண்ணி ஓட்டச் சொல்ற இடத்துல புரொடக்ஷன் டார்கெட்டை விட உங்க உடம்பு பெருசுன்னு தைரியமா சொல்லுங்க, முடியலன்னா வேற இடம் பாருங்க, இந்த வேலைக்கு ஆள் தேவை இருந்துக்கிட்டேதான் இருக்கு.

பீஸ் வந்ததும் பர் (ஓரத்துல நிக்கற பிசிறு) எடுத்துட்டு அளங்க. ஸ்லாட் ஆழம் 2 வரணும், 1.95 வந்திருக்குன்னா புரோகிராம்ல கை வைக்க வேண்டாம், எச்01ஓட வேர் (wear, தேய்மானம்) பக்கத்துல -0.05 போடணும், முனை அவ்ளோ கீழ இறங்கும். அங்க இன்புட், பிளஸ் இன்புட்னு ரெண்டு கீ இருக்கும், முதலாவது பழைய நம்பரை அழிச்சுட்டு புதுசைப் போடும், ரெண்டாவது பழசோட கூட்டும். ஏற்கனவே -0.03 இருந்து நீங்க இன்னும் 0.05 இறக்கணும்னா பிளஸ் இன்புட்தான், மாத்தி அழுத்தினா அளவு வேற மாதிரி வரும். வெர்னியர், மைக்ரோமீட்டர், டெப்த் கேஜ் மூணையும் சந்தேகமில்லாம படிக்கத் தெரியணும், அளக்கத் தெரியாதவருக்கு ஆப்செட் மாத்தற உரிமையை எந்த நல்ல ஷாப்பும் குடுக்காது.

எங்க கத்துக்கறதுன்னா, ஐடிஐல மெஷினிஸ்ட் டிரேடு ரெண்டு வருஷம், அதுல சாதா மில்லிங்ல கை பழகிட்டு சிஎன்சிக்கு வர்றது நல்ல வழின்னு நான் நினைக்கறேன், மெட்டல் எப்படி வெட்டுப்படுதுன்னு கைப்பிடி சுத்தினவருக்குத்தான் உடம்புல தெரியும். அப்புறம் அப்ரன்டிஸ். காசு கட்டிச் சேர்ற ஷார்ட் கோர்ஸ்னா சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க, ஒரு மிஷினுக்கு எத்தனை பேர், என் கையால ஆப்செட் எடுக்க விடுவீங்களா? கம்ப்யூட்டர் ரூம்ல மட்டும் உக்கார வச்சு சர்டிபிகேட் குடுக்கற இடம் வேண்டாம். வேலைல சேந்தப்புறம் முதல்ல லோடிங் அன்லோடிங்தான் குடுப்பாங்க, அதுலயே நின்னுறாதீங்க, செட்டர் அண்ணன் செட்டிங் போடும்போது பக்கத்துல போயி நில்லுங்க, "அண்ணா, இந்த டூலுக்கு எச் எவ்ளோ வந்துச்சு, ஏன்?"னு கேளுங்க. சிலர் சொல்ல மாட்டாங்க, பலர் சொல்லுவாங்க.

மிஷின் இல்லாமலும் பாதி கத்துக்கலாம். என்சி வியூவர் பிரவுசர்லயே ஓடும், கேமோடிக்ஸ் இலவசம், கோடை ஒட்டினா டூல் போற பாதை தெரியும். ஃப்ரீகேட்ல டிராயிங் போட்டு அதுலயே கேம் (CAM, டிராயிங்ல இருந்து டூல் பாதையைக் கம்ப்யூட்டரே எழுதறது) பண்ணியும் பாக்கலாம். கேம் சாப்ட்வேர் தானா கோடு எழுதிக் குடுக்குதே, அப்புறம் கையால எதுக்கு எழுதணும்னு ஒரு கேள்வி வரும். மோல்டு மாதிரி வளைவு நெளிவுக்கு கேம் இல்லாம முடியாது, ஆனா அது எழுதின ஆயிரம் வரில எச் நம்பர் சரியா, முதல் இறக்கம் எங்க, எந்த ஆப்செட்டைக் கூப்பிடுதுன்னு படிச்சுப் பாக்கறது நீங்கதான். சீமென்ஸ், ஹைடன்ஹைன் கன்ட்ரோலுக்கு மாறினா எழுதற விதம் மாறும், சீமென்ஸ்ல டூல் நீளத்துக்கு ஜி43 எச் கிடையாது, டி நம்பர்ல வரும், ஆனா டூல் நீளம்னு ஒண்ணு இருக்கு, வொர்க் ஜீரோன்னு ஒண்ணு இருக்குங்கறது எங்கயும் மாறாது.

நம்ம பிளேட் புரோகிராம் புரிஞ்சதும் அடுத்து ரவுண்டு பிளேட்ல பிசிடி (ஹோல் சென்டர் எல்லாம் உக்கார்ற வட்டத்தோட டயா) 80ல ஆறு ஹோல் எழுதிப் பாருங்க, ஜீரோ நடுவுல. முதல் ஹோல் எக்ஸ்40. ஒய்0., ரெண்டாவதுக்கு 40ஐ காஸ் 60ஆல பெருக்கினா 20, சைன் 60ஆல பெருக்கினா 34.641. பத்தாவதுல படிச்ச சைனும் காஸும்தான் இது. மிச்ச நாலையும் பிளஸ் மைனஸ் பாத்து நீங்களே எடுத்து, சிமுலேட்டர்ல போட்டு ஆறு ஹோலும் வட்டத்துல சரியா உக்காருதான்னு பாத்துட்டு, அப்புறம் வளைவு வெட்டற ஜி02, ஜி03, அதுக்கப்புறம் டூலோட பாதி டயாவைக் கணக்குல எடுக்கற ஜி41க்குப் போங்க.